காஸுக்குப் பக்கத்தில ஒரு பிளக்

வடிவான வேலை, மோனை. வெளிக்குசினி கட்டி, காஸ் சிலிண்டரை மூலைக்குள்ள வைச்சு, அதுக்குப் பக்கத்திலேயே பிளக் பொயின்றும் பூட்டிப்போட்டாய். நெடுந்தீவு பாக்க வாற சனம் கேத்தில் கொழுவலாம், போனுக்குச் சார்ஜ் ஏத்தலாம். காஸும் தனக்கு வேண்டின பொறியை எடுத்துக்கொள்ளும். நயினை அம்மாளுக்கு நேர்த்தி ஏதும் வைச்சிருக்கிறியோ?

வெளியிலதானே, காத்துக் கொண்டுபோயிடும் எண்டு நினைச்சிருப்பாய். சோளகம் அடிக்கேக்க சரி. காத்து விழுந்த இரவில? சமையல் காஸ் காத்தைவிடப் பாரம்: புரொப்பேன் ஒண்டரை மடங்கு, பியூட்டேன் ரெண்டு மடங்கு. கசிஞ்சா மேல எழும்பாது, கள்ளப் பூனை மாதிரி நிலத்தோட ஊர்ந்து பள்ளத்துக்க கிடக்கும். நீயோ பிளக்கை நிலத்திலயிருந்து ஒரு சாணில வைச்சிருக்கிறாய். பாவம், ஏறக் கஷ்டப்படும் எண்டு இறக்கிக் குடுத்த தருமவான்! காத்தில நூற்றுக்கு ரெண்டு பங்கு சேர்ந்தாலே அது பத்த ஆயத்தம். சுவிச்சைப் போட்டாலும் நூர்த்தாலும் உள்ளுக்க ஒரு பொறி வரும். உப்புக் காத்துப் பட்டு உள்ளிருக்கிற பித்தளை அரிச்சுதெண்டா, சுவிச்சில கை வைக்காமலே பொறி பறக்கலாம்.

ட்ரிப் சுவிச் இருக்கெண்டு சொல்லாத. அது உன்னைக் கரண்டிலயிருந்து காக்கும், காஸைப் பொறியிலயிருந்து காக்காது.

2021 நவம்பர், டிசம்பரில நாடு முழுக்கச் சிலிண்டரும் அடுப்பும் வெடிச்சது மறந்துபோச்சோ? ஜனாதிபதி ஒரு குழு போட்டார். புரொப்பேன், பியூட்டேன் கலவை மாறினதுதான் காரணமெண்டு அது சொல்லிச்சு. புரொப்பேன் கூடினா அமுக்கம் கூடும், பழைய குழாயும் வாஷரும் தாங்காது. கலவையைக் கொழும்பு பாத்துக்கொள்ளட்டும். தூரம் உன்ர கையில.

அமெரிக்காக்காரன்ர விதியில, மாத்துற சிலிண்டரின்ர வால்வுக்கும் பொறி வாற சாமானுக்கும் இடையில ஐஞ்சடி வேணும். வைச்ச இடத்திலயே நிரப்புறதெண்டா பத்தடி. கட்டாக்காலிக் குதிரையள் மேயிற ஊரில உனக்கு ஐஞ்சடி நிலம் கிடைக்கேல்லையாக்கும்! பத்திச்சுதெண்டா யாழ்ப்பாண ஆசுப்பத்திரிக்குக் கடல் தாண்டவேணும், கடல் உன்ர அவசரம் பாக்காது.

மணம் வந்தா ஒரு சுவிச்சையும் தொடாத, நூர்க்கவும் வேண்டாம். ரெகுலேற்றரைப் பூட்டிப்போட்டு வெளியால வா. வயர்மன் வந்தா, பிளக்கை அங்கால சுவரில, நெஞ்சுக்கு மேல, மழை மூடியோட பூட்டச் சொல்லு. சிலிண்டரைப் பெட்டிக்குள்ள வைக்கிறதெண்டா அடியில காத்துப் போக ஓட்டை விடு.

தூக்க மட்டும் என்னைக் கூப்பிடாத, இடுப்புப் பிடிப்பு. மணந்து பாக்கக் கூப்பிடு, மூக்கு இன்னும் வேலை செய்யுது.