சொன்னதை மட்டும் வரைய மாட்டார்!

1783. 'மதராஸுக்குப் போய்ப் படம் வரைந்து பணக்காரன் ஆகப்போகிறேன்' என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், ஆளை ஏற இறங்கப் பார்த்திருப்பார்கள். மூன்று வருடம் முன்னால்தான் ஹைதர் அலியின் குதிரைப்படை பரங்கிமலை வரை வந்து சூறையாடிவிட்டுப் போயிருந்தது. தாம்பரம் மின்சார ரயிலில் ஜன்னல் வழியே தெரிகிறதே, அதே பரங்கிமலைதான். அடுத்து பஞ்சம். சண்டை வேறு முடிந்தபாடில்லை. இந்த லட்சணத்தில் வந்து இறங்கினார் யோஹான் ஸோஃபனி. ஜெர்மன்காரர், வயது ஐம்பது. தங்கத் தூளில் புரளலாம் என்ற கனவோடு கிளம்பியதாக சக ஓவியர் பால் சாண்ட்பி எழுதிவைத்திருக்கிறார்!

அவர் வந்த கப்பலின் பெயர் லார்டு மெக்கார்ட்னி. மதராஸ் கவர்னர் பெயரும் லார்டு மெக்கார்ட்னி. சகுனம் பிரமாதம். ஆர்டர்தான் வரவில்லை.

லண்டனில் என்ன குறைச்சல் இவருக்கு? ராஜ குடும்பத்துக்கே படம் வரைந்தவர். ஒரு அறையை வரைந்தார் என்றால் திரைச்சீலையின் மடிப்பு வரை எண்ணிவிடலாம். மகாராணி சார்லட்டும் ஜெர்மனியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர். 'நம்மூர்ப் பிள்ளை' என்று நம்பி 1772-ல் ஃப்ளோரன்ஸுக்கு அனுப்பினார். வேலை சிம்பிள். அங்கே உஃபிஸி கலைக்கூடத்தில் ட்ரிபூனா என்று ஓர் அறை. அதிலிருக்கும் கலைப் பொக்கிஷங்களை வரைந்துகொண்டு வரவேண்டும். அவ்வளவுதான்!

போனவர் வருடக்கணக்கில் திரும்பவில்லை. அறையில் இல்லாத படங்களைக்கூட பிட்டி அரண்மனையிலிருந்து கொண்டுவந்து சேர்த்தார். சரி, போகட்டும். ஊர் சுற்ற வந்த இங்கிலீஷ் கனவான்களை இருபது பேருக்கு மேல் பிடித்துப் படத்துக்குள்ளே நிறுத்திவிட்டாரே, அதை என்ன சொல்ல? ஒரு கும்பல் டிஷியனின் நிர்வாண வீனஸை மொய்க்கிறது. இன்னொரு கும்பல் வீனஸ் சிலையின் பின்புறத்தை, கலை ஆர்வத்தால்தான், லென்ஸ் வைத்து ஆராய்கிறது! ரஃபேலின் மாதா படத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பது யார்? சாட்சாத் ஸோஃபனியேதான். கல்யாண ஆல்பத்தில் எல்லா போட்டோவிலும் தலை நீட்டும் சித்தப்பா மாதிரி.

அரசருக்கும் அரசிக்கும் முகம் சுண்டிப்போனது. கேட்டது கலைக்கூடம், வந்தது கூட்ட நெரிசல். அதற்குப் பிறகு அரண்மனையிலிருந்து ஒரு ஆர்டர்கூடக் கிடையாது. அப்புறம்தான் மதராஸ் கப்பல்!

மதராஸில் சில வாரம்தான் தாக்குப்பிடித்தார். கல்கத்தாவுக்கு நடையைக் கட்டினார். அங்கே கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் ஆதரிக்க, லக்னோவில் நவாபின் சேவல் சண்டையை வரைந்தார். அந்தக் கூட்டத்திலும் ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார், வேறு யார்?

ஆனால், உச்சகட்டம் கல்கத்தா செயின்ட் ஜான்ஸ் தேவாலயம். 1787-ல் அதற்காக 'கடைசி இராவுணவு' வரைந்தார். இயேசுவுக்கு முகம் கொடுத்தவர் ஒரு கிரேக்கப் பாதிரியார். நியாயம். சீடர் அருளப்பருக்கு (யோவானுக்கு)? போலீஸ் மாஜிஸ்திரேட் பிளாக்யர்! இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸின் முகம் மட்டும் ஏலக்காரர் டல்லோவுடையது என்று ஊரே பேசியது. மனிதர் கொதித்துப்போனார் என்கிறார்கள். இருக்காதா பின்னே? ஞாயிறுதோறும் அதே தேவாலயத்துக்கு வரும் கஸ்டமர்களின் முகத்தில் எப்படி விழிப்பது?

1789-ல் ஸோஃபனி கையில் காசோடு இந்தியாவை விட்டுக் கிளம்பினார். அந்தப் படம் இன்னும் கொல்கத்தாவில்தான் இருக்கிறது. போனால் பாருங்கள். யூதாஸை மட்டும் ரொம்ப முறைக்காதீர்கள், பாவம், அவர் ஏலம் விட்டுப் பிழைத்தவர்.