மருமவனே, அந்த முடி யாரோடது?

வா மருமவனே, உக்காரு. உன் ஸ்டுடியோ வாசல்ல தொங்குத கல்யாணப் படத்த இப்பத்தான் பாத்துட்டு வாரேன். நம்ம மேலத்தெரு வழுக்க மாப்பிள்ளைக்குப் பின்னால பனிமலை நிக்குது. தலையில முடியும் நிக்குது. மலையாவது உலகத்துல எங்கயாச்சும் இருக்கும். அந்த முடி எந்தத் தேசத்துல இருக்கு?

கோவிச்சுக்காத. ஏஐ வந்த பொறவுதான் போட்டோ பொய் சொல்லுதுன்னு நான் சொல்லுவேனா? அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரன் நெகட்டிவ்ல பென்சில வச்சே மொகச் சுருக்கத்த எடுத்துருவான். செத்துப்போன அப்பாவ அம்மா பக்கத்துல உக்காத்தி வச்சி ஃபிரேமும் போட்டுக் குடுப்பான். பிரான்சுல இப்போலித் பயார்னு ஒருத்தர். போட்டோ எடுக்க அவரும் ஒரு வழி கண்டுபிடிச்சாரு, பேரு என்னவோ தாகேர்ங்கிற இன்னொருத்தருக்குப் போயிட்டு. கடுப்புல 1840-ல, தண்ணியில விழுந்து செத்த மாதிரி தன்னையே படம் எடுத்து, பின்னால ஒரு சாவுக் குறிப்பும் எழுதிட்டாரு. அதுக்கப்புறம் 47 வருசம் உசுரோட இருந்தாரு!

இந்தக் கூத்தக் கேளு. 2023-ல போரிஸ் எல்டாக்சன்ங்கிற ஜெர்மன்காரர், மிசினு செஞ்ச படத்த சோனி உலகப் போட்டோ போட்டிக்கு அனுப்பிப் பரிசு வாங்கிட்டாரு. லண்டன் மேடையில ஏறி, இது போட்டோவே இல்ல, பரிசு வேண்டாம்னுட்டாரு. மறுவருசம் மைல்ஸ் ஆஸ்ட்ரே, ஏஐ படத்துக்குன்னு வச்ச போட்டிப் பிரிவுக்கு நெசப் பூநாரைய அனுப்புனாரு. அது தலையக் குனிஞ்சு வயித்தச் சொறியுது. பாக்கதுக்குத் தலையே இல்லாத மாதிரி இருக்கு. நடுவருமாரு மூணாவது பரிசு குடுத்தாவ, சனங்க ஓட்டும் அதுக்குத்தான். அவரே விசயத்தச் சொன்னதும் தள்ளிட்டாவ. நெசமாப் பொறந்த குத்தத்துக்கு ஒரு பறவைக்குப் பரிசு போச்சு!

ரெண்டு பேரும் பலே குறும்பனுவ. ஆனா ஊரு கண்டுபிடிக்க முந்தி அவனுவளே வாயத் தொறந்தானுவ பாரு, அங்கதான் நீ கவனிக்கணும். கல்யாண ஆல்பத்துல மாப்பிள்ளைய நிலாவுல நடக்க விடு, ஒருத்தனும் ஏணி தேடமாட்டான். சாதகத்தோட பொண்ணு வீட்டுக்குப் போற படத்துல முடி வைக்காத. வெள்ள நேரத்துல, முங்காத தெருவ முங்க வச்சி வாட்சப்புல விட்டேன்னா, படகு எடுத்துட்டு வாரவன் அங்க போவான். நெசமாவே முங்குனவன் கூரையில நின்னு கத்துவான். அந்தப் பாவத்த எந்த மிசினு மேலயும் ஏத்த முடியாது.

படம் எப்ப, எந்தக் கேமராவுல எடுத்ததுன்னு அதுலயே முத்திரை குத்துத கேமராவ 2023-ல லைக்கா கம்பெனி விட்டிருக்கு. வெல பல லட்சமாம். உனக்கு எதுக்கு அது? படத்துக்குக் கீழ 'ஏஐ-ல செஞ்சது'ன்னு எழுத எத்தன ரூவா ஆகும்?

சரி, எங்க அறுவதாங் கல்யாணப் படத்துல என்னைய மாமல்லபுரத்து ராசாவாட்டம் ஆக்கிரு, மீசையத் தாராளமா வையி. அத்தை மொகத்துல மட்டும் கை வைக்காத. ரூவா பாதிதான் தருவேன். மீதிய மிசினுகிட்ட வாங்கிக்க.