பென்சில்ல போடுங்க தம்பி

வாங்க ஆபீசர் தம்பி, அந்தப் படகு நெழல்ல குந்துங்க. கடற்கரையைக் காப்பாத்தத் திட்டம் எழுத வந்திருக்கீங்களாமே? நல்ல காரியம். பழவேற்காட்டுல பொறந்து இங்கேயே நரைச்சவன் நான். நமக்குத் தெரிஞ்ச யோசனை சொல்றேன், எழுதிக்கங்க.

மொதல்ல, கோடு போடறதா இருந்தா பென்சில்ல போடுங்க. 1981-ல இந்திரா அம்மா, அலை ஏறி நிக்கிற எடத்துலேர்ந்து 500 மீட்டர் சும்மா விடுங்கன்னு கடலோர முதலமைச்சருங்களுக்குக் கடுதாசி போட்டாங்க. பத்து வருஷம் கழிச்சு, 1991-ல, அது அறிவிக்கையா வந்துச்சு. நாங்களும் பேனாவுல போட்ட கோடுன்னு நம்பினோம். அதைத் திருத்தித் திருத்திப் பேப்பரே நைஞ்சு போனப்புறம் 2011-ல புதுசா ஒண்ணு, 2019-ல இன்னொண்ணு. இப்பக் கிராமத்துப் பக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல ஜனம் இருந்தா, கட்டடம் கட்டாம விட வேண்டியது 50 மீட்டர். அதுக்குக் கீழ இருந்தா 200 மீட்டர். யாரு கணக்கோ, புத்திசாலி. ராத்திரி ஒரு புள்ள பொறந்து தலை 2162 ஆயிடுச்சுன்னா, அலை 150 மீட்டர் பின்னால போயி மரியாதையா நிக்கும் பாருங்க.

அடுத்தது, கல்லு கொட்டறதை மட்டும் நிறுத்திடாதீங்க. காண்ட்ராக்டருக்கும் குடும்பம் குட்டி இருக்கில்ல? இந்தக் கரையில வருஷத்துல பெரும்பாலும் மணல் தெக்கேருந்து வடக்கேதான் நகரும். சென்னைத் துறைமுகத்துச் சுவர் குறுக்கே நின்னதும் தெக்குப் பக்கம் மணல் குமிஞ்சு மெரினா அகலமாச்சு, ஜனங்க சுண்டல் தின்னாங்க. வடக்கே ராயபுரத்துலேர்ந்து குப்பம் குப்பமாக் கடல் தின்னுச்சு. அங்க கல்லு கொட்டினாங்க. கல்லு முடியற எடத்துல அடுத்த ஊரு அரிச்சுது, அங்கேயும் கொட்டினாங்க. இப்பக் காட்டுப்பள்ளித் துறைமுகமும் எங்களுக்குத் தெக்கே வந்து நிக்குது. நாங்களும் வரிசையிலதான் இருக்கோம், அவசரமில்ல.

கருத்துக்கேட்புக் கூட்டமா? காலையில மீன் ஏலம் போற நேரத்துல வைங்க. ஆம்பளைங்க வலையைப் பிரிச்சுக்கிட்டிருப்பாங்க, பொம்பளைங்க கூடையோட பஸ்ஸைப் புடிக்க ஓடிக்கிட்டிருப்பாங்க. ஒருத்தர் வாயத் தொறக்க மாட்டாங்க. அறிக்கை இங்கிலீஷ்ல இருந்தா இன்னும் நிம்மதி. 2008-ல மேலேருந்து கடற்கரை விதிக்கு ஒரு புது வரைவு வந்துச்சு. விஷயம் என்னன்னு புரிஞ்சு கடலோரம் பூராவும் ஜனம் தெருவுல எறங்கிடுச்சு. மறு வருஷமே அதைச் சுருட்டி வைக்க வேண்டியதாப் போச்சு. புரிஞ்சாத்தானே வம்பு?

எங்க பழவேற்காட்டு ஏரியில ஒரு கூத்து நடக்குது. அதை எழுதாதீங்க, மேல சிரிப்பாங்க. பாடுன்னு பேரு. முகத்துவாரத்துக்கிட்ட இறால் நல்லாப் படற எடம் யாருக்கும் சொந்தமில்ல. சீட்டுப் போட்டு முறை வச்சுக்குவோம். இன்னிக்கு உன் பாடுன்னா நீ வலை கட்டு, நாளைக்கு என் பாடுன்னா நான். இறால் மந்தை மந்தையாப் போகும், முறை இல்லாதவன் கையக் கட்டிக்கிட்டுப் பாத்துக்கிட்டு நிப்பான். வயிறு எரியும், ஆனா வலை எறங்காது. ஏன்னா சீட்டு எடுத்தது அவன் கை. மீறினாத் தண்டம் போடப் போறது அவன் மாமன் மச்சான். இதுக்குப் பறக்கும் படை கிடையாது, ஜீப்பு கிடையாது, டீசல் பில்லும் கிடையாது. பில்லு இல்லாத திட்டத்தை எந்த ஆபீஸ்ல ஒத்துக்குவாங்க?

ரொம்ப மெச்சிக்கவும் வேணாம். பாடு முறையில பேரு இருக்கறது எங்க ஆளுங்களுக்குத்தான். இடுப்பளவு தண்ணியில நின்னு கையால இறால் தடவிப் புடிக்கிற இருளப் பொம்பளைங்களுக்குச் சீட்டு ஏது? அந்தக் கேள்வியை எங்ககிட்டக் கேளுங்க, நானும் நைசா ஏரிப்பக்கம் திரும்பிக்குவேன்.

எங்க பாடு மாதிரியே, ராமநாதபுரத்துல விசைப்படகுக்கு வாரத்துல 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள்னு பிரிச்சது இருக்கே, அது சும்மா வந்துடல. கடல்ல வலையறுத்து மண்டை ஒடைஞ்சப்புறம் வந்த நியாயம். ஏப்ரல் 15-லேர்ந்து 61 நாளு விசைப்படகைக் கட்டிப்போடறதும் நல்லதுதான். மீனு முட்டை போட்டுக்கட்டும். அந்த ரெண்டு மாசமும் ஆத்துத் தண்ணியில அனல்மின் ஆலை விடற சுடுதண்ணிக்கும் சாம்பலுக்கும் தடை இருக்கான்னு மட்டும் கேட்டுடாதீங்க. உங்களை மாத்திடுவாங்க, எனக்குப் பேச்சுத் தொணை போயிடும்.

எங்க, அந்த வரைபடத்தை விரிங்க பாப்போம். 2023-ல தமிழ்நாட்டுக்குப் போட்ட வரைவு வரைபடத்துல, குப்பத்தையும் வலை காயப்போடற எடத்தையும் காணோம்னு ஜனங்க கத்தினாங்க. அடடே, ரோடு இருக்கு, ரிசார்ட்டு இருக்கு, லைட்ஹவுஸ் இருக்கு. எங்க ஊரை மட்டும் காணோமே? பரவால்ல தம்பி. இவ்வளவு நேரமா யாரு ஊர்ல குந்திக்கிட்டு இருந்தீங்கன்னு மட்டும் மேலதிகாரிக்கு ஒரு வரி எழுதிப்போடுங்க.