தர்ம தரிசனம்

காசில்லாதவர்கள் நிற்கும் வரிசைக்கு நம் கோயில்களில் 'தர்ம தரிசனம்' என்று பெயர். பெயர் வைத்தவர் கெட்டிக்காரர். பெற்ற தகப்பனைப் பார்க்கப் போகும் பிள்ளையை வாசலில் மறித்து, "போனால் போகிறது, தர்மத்துக்குப் பார்த்துவிட்டுப் போ" என்று சொல்வது மாதிரி. சீட்டு வாங்கினால் பக்தர், வாங்காவிட்டால் தர்மம் வாங்க வந்தவர். தட்டு ஏந்தாததுதான் குறை.

தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் ஒரு முருகன் கோயிலில் இந்தத் தர்மத்தை வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் ஆத்தா. எழுபது வயதிருக்கும். ஐந்து நாள் நடந்து வந்தவர். கொப்புளம் உடைந்த பாதத்தில் வேட்டிக் கிழிசலைச் சுற்றியிருந்தார். கையில் ஒரு முழம் அரளிச் சரம், பாதி வாடியிருந்தது. கம்பிக் கொட்டடிக்குள் வளைந்து வளைந்து மூன்று மணி நேரம் ஊர்ந்தோம். பக்கத்துக் கம்பிக்குள் நூறு ரூபாய் வரிசை. அது நடந்தது. எங்களுடையது நின்றது.

சந்நிதி கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில் ஒரு கை வந்து சங்கிலியை மாட்டியது. "கொஞ்சம் நில்லுங்க." நாயனம் முன்னே வர, பூரண கும்பம் பின்னே வர, ஒரு பெரிய மனிதர் வந்தார். என்ன பதவி என்று தெரியவில்லை. கழற்றிய செருப்பை எடுத்து வைக்கத் தனியாக ஆள் இருந்ததால் பெரிய பதவியாகத்தான் இருக்கும். பரிவட்டம் கட்டினார்கள். பேர், நட்சத்திரம், கோத்திரம் கேட்டு நிதானமாக அர்ச்சனை நடந்தது. அவருடைய மருமகனின் கோத்திரம் நினைவுக்கு வராமல் கைப்பேசியில் யாரையோ கூப்பிட்டுக் கேட்டார்கள். அதுவரை முருகனும் காத்திருந்தார், நாங்களும் காத்திருந்தோம்.

நம் வழிபாட்டில் எத்தனை முறைகள்! அங்கப்பிரதட்சிணம், அலகு, காவடி, பால்குடம், தீமிதி, மொட்டை. இந்தப் பட்டியலில் உடம்பு நோகிற எல்லாம் பெரும்பாலும் இந்தப் பக்கத்துக் கம்பிக்காரர்களுடையது. அந்தப் பக்கத்தில் தேய்வது அட்டை மட்டும். மொட்டைக்குக் கட்டணம் கிடையாது என்று 2021-ல் தமிழக அரசு அறிவித்தது, நல்ல காரியம். மொட்டையடிப்பதை நிறுத்துவதாக யாரும் அறிவிக்கவில்லை.

திருப்புன்கூரில் வெளியே நின்ற நந்தனாருக்காகச் சிவன் நந்தியை விலகச் சொன்னார் என்று கதை. கல்லே விலகியது. இன்றைய நந்தனாருக்கு முன்னால் நிற்பது எவர்சில்வர் குழாய். அது விலக வேண்டுமானால் மேலிடத்திலிருந்து தொலைபேசி வர வேண்டும். 1939 ஜூலை 8-ஆம் தேதி மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர், பிறப்பைச் சொல்லி விரட்டப்பட்டவர்களை அழைத்துக்கொண்டு போனார். என்ன வசவு, என்ன எதிர்ப்பு! 1947-ல் சட்டமே வந்தது: எல்லோரும் கோயிலுக்குள் போகலாம். போகலாம்தான். எந்த வரிசையில் என்று அதில் எழுதவில்லை. சாதி கேட்ட வாசலில் இப்போது சில்லறை கேட்கிறார்கள். (சாதி கேட்பது முழுக்க நின்றுவிட்டது என்று எண்ணுகிறவர்கள் திருவிழா நேரத்தில் கிராமத்துப் பக்கம் போய் வரலாம்.)

பிழைக்கத் தெரியாதவர் திருநின்றவூர்ப் பூசலார். கையில் காசில்லை என்று மனத்துக்குள்ளேயே கோயில் கட்டினார். பல்லவ அரசன் காஞ்சியில் கட்டிய கற்கோயிலின் குடமுழுக்கைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டுச் சிவன் இவருடைய கோயிலுக்குத்தான் முதலில் போனாராம். இன்றைக்கு என்றால் விடுவோமா? அந்த மனத்துக்கும் ஒரு செயல் அலுவலரைப் போட்டு, சிறப்பு வழிக்கு ஐம்பது, அதிசிறப்பு வழிக்கு இருநூறு என்று பலகை மாட்டியிருப்போம்.

மாநில எல்லையைத் தாண்டினாலும் இதே கதை. திருமலையில் முந்நூறு ரூபாய்க்கு ஒரு வழி. ஓர் அறக்கட்டளைக்குப் பத்தாயிரம் ரூபாய் நன்கொடை தந்தால் இன்னும் நெருக்கமாக ஒரு வழி. இலவச வழி என்ன ஆயிற்று என்று கேட்டால், 2025 ஜனவரி 8-ஆம் தேதி திருப்பதியைப் பாருங்கள். வைகுண்ட வாசல் தரிசன டோக்கனுக்குக் கூடிய கூட்டத்தில் நெரிசல். 6 பேர் செத்தார்கள். பெருமாளைப் பார்க்கும்போது அல்ல. பெருமாளைப் பார்க்க வரிசையில் நிற்பதற்கான சீட்டு வாங்கும்போது. வைகுண்டத்துக்கு அவர்களை நேராகவே அனுப்பிவிட்டோம். பிறகு விசாரணை, இழப்பீடு, அறிக்கை. நன்கொடை தந்து போகிறவர் இப்படி ஒரு நாளும் சாக மாட்டார். அவருக்கு நேரம் போட்டே சீட்டு வருகிறது.

பெரிய மனிதர் போனார். சங்கிலி கழன்றது. மூன்று மணி நேரத்தை ஈடுகட்ட எங்களைத் தள்ளினார்கள். "நகருங்க, நகருங்க, நிக்காதீங்க!" ஆத்தா சந்நிதிக்கு நேரே வந்ததும் கை குவித்தார். காலம் காலமாய்ப் பழகிய பழக்கம், கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது தூணுக்கு இந்தப் பக்கம் இருந்தார். அரளிச் சரம் கையிலேயே இருந்தது.

"சாமி என்ன அலங்காரத்துல இருந்துச்சு தம்பி?"

நான் பார்த்தது தள்ளியவருடைய முழங்கையை. இருந்தாலும் சொன்னேன்: "ராஜ அலங்காரம், ஆத்தா."

"ராஜாவா இருந்தா நம்மள எங்கிட்டுப் பாக்கப் போறாரு" என்றபடி முந்தானை முடிச்சை அவிழ்த்தார். கசங்கிய பத்து ரூபாய்த் தாள் ஒன்று. உண்டியலைச் சுற்றி மட்டும் கம்பி இல்லை. நேரே போய்ப் போட்டுவிட்டு வந்தார்.