கேட்கக் கேட்கப் பிடிக்கும்: கேசட் வருத்தவியல் குறித்த ஒரு முன்னாய்வு

ரசிகர் பேச்சைக் கேட்டுத் திரைப்பாடல் கேசட் வாங்கியவர் படும் பாடு, தொல்காப்பியர் சொன்ன எண்வகை மெய்ப்பாடுகளில் எதில் அடங்கும்? அழுகை என்பர் ஒரு சாரார். இளிவரல் என்பர் மற்றொரு சாரார். கடைக்காரர் காசைத் திருப்பித் தரமாட்டார் என்பதால் வெகுளியே பொருந்தும் (காண்க: லெட்சுமாங்குடி தேநீர்க்கடை, இடப்பக்க பெஞ்சு).

ஆய்வுக்களம் கூத்தாநல்லூர். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று சபுர் போனவர்கள் திரும்பும்போது டூ-இன்-ஒன்னும் கூடவே வந்தது. பெட்டி வந்த வீட்டுக்குக் கேசட் வேண்டும். எந்தக் கேசட் என்று சொல்ல ஊரே தயாராக இருந்தது.

பரிந்துரைப்போர் மூவகையர்.

முதலாமவர் கதாநாயகனின் ரசிகர். இவர் காதில் பாட்டு விழுவதில்லை.

இரண்டாமவர், ஏ பக்கத்து முதல் பாட்டைக் கேட்டுவிட்டு மொத்தக் கேசட்டுக்கும் சான்றிதழ் தருபவர். பொருளடக்கத்தோடு நிறுத்திக்கொண்டு அணிந்துரை எழுதும் பேராசிரியர்கள் இவரிடம் கற்றார்களா, இவர் அவர்களிடம் கற்றாரா என்பது தனி ஆய்வுக்குரியது.

மூன்றாமவரே ஆபத்தானவர். "மொதல்ல பிடிக்காது மாப்ளே, கேக்கக் கேக்கத்தான் பிடிக்கும்" என்பார். 1976இல் ‘அன்னக்கிளி’க்கு இந்தச் சலுகை தேவைப்பட்டதாகத் தெரியவில்லை. 1992இல் ‘ரோஜா’வோடு ஏ.ஆர். ரஹ்மான் வந்தபின் இச்சூத்திரம் கொடிகட்டிப் பறந்தது. அவருக்குப் பொருந்திப்போனதால், பொருந்தாதவர்களுக்கும் அதையே மாட்டிவிட்டார்கள்.

எத்தனை முறை கேட்டால் பிடிக்கும்? ஏழு என்பது துணிபு (மேலது, வலப்பக்க பெஞ்சு, இரண்டாம் தேநீருக்குப் பிந்தைய பாடம்). நாடா நொடிக்கு 4.76 செ.மீ. நகரும். அறுபது நிமிடக் கேசட்டின் இரு பக்கத்தையும் ஒருமுறை கேட்டால் சுமார் 171 மீட்டர். ஏழு முறைக்கு 1,200 மீட்டர். இவ்வளவு ஓடியும் பாட்டு மனசுக்கு வந்து சேரவில்லையென்றால் கோளாறு காதில்தான் என்பது மூன்றாமவர் தீர்ப்பு (மேலது, மாற்றுப் பாடம்: வடை மடித்த தாளின் பின்புறம், எண்ணெய் படாத பகுதி மட்டும்).

வருத்தத்துக்குத் தொல்லியல் சான்றும் உண்டு. கடையில் விற்ற பாட்டுக் கேசட்டின் முதுகில் இரண்டு சிறு பள்ளங்கள் இருக்கும். தவறிப்போய் மேலே வேறு எதையும் பதிவு செய்துவிடாதபடி காப்பவை அவை. அங்கே செல்லோடேப் ஒட்டியிருந்தால், வாங்கியவர் வருந்திவிட்டார் என்று அறிக. பாட்டின்மேல் நாகூர் ஹனிபா ஏறியிருப்பார். இல்லையேல் சபுராளி மகனுக்குப் பேசி அனுப்பிய கடிதம் ஏறியிருக்கும். உம்மா சலாம் சொல்லி முடித்த மறுநொடி, அழிபடாமல் தப்பிய டூயட்டின் பாதிச் சரணம் துபாய் அறையில் ஒலித்திருக்கும்.

ஆகவே வாசகர்களே, கேட்கக் கேட்கப் பிடிக்கும் என்று எவராவது சொன்னால், காசை எடுக்குமுன் அவருடைய கேசட்டையே இரண்டு நாளைக்கு இரவல் கேளுங்கள். "நான் இன்னும் வாங்கலையே" என்பார்.