கொலம்பஸ் வைத்த கொழம்பு

கல்மண்டபம் மார்க்கெட்டில் சங்கரா மீனைக் கழுவிக் கொடுத்த அக்கா, "புளியைக் கெட்டியா கரைச்சு, மொளகாத்தூளத் தூக்கலா போடு நைனா. எங்க முப்பாட்டன் காலத்துக் கொழம்பு" என்றார். முப்பாட்டன் வரைக்கும் சரி. அதற்கும் மேலே போனால் ஸ்பெயின் ராணியைத்தான் கேட்க வேண்டும்.

1492இல் இசபெல்லா ராணியின் தயவில் கப்பலேறினார் இத்தாலிக்காரர் கொலம்பஸ். தேடிப் போனது நம் பக்கத்து மிளகு முதலான சரக்குகளை. கரிபியன் தீவுகளில் இறங்கி, 'இந்தியா வந்தாச்சு' என்று முடிவுகட்டி, அங்கிருந்தவர்களுக்கு இந்தியர் என்று பெயரும் வைத்தார். 1506இல் சாகும்வரை ஆசியாவைத் தொட்டுவிட்டதாகவே நம்பினார். தண்டையார்பேட்டைக்கு டிக்கெட் எடுத்துத் தாம்பரத்தில் இறங்கியவர்கூட இவ்வளவு அடம்பிடிக்க மாட்டார்.

அங்கே மிளகு இல்லை. கடித்தால் கண்ணில் நீர் வரவழைக்கும் ஒரு காய் இருந்தது. வெறுங்கையோடு எப்படித் திரும்புவது? ஸ்பானிய மொழியில் மிளகு 'பிமியெந்தா'. வாலை மட்டும் மாற்றி, காய்க்கு 'பிமியெந்தோ' என்று பெயராயிற்று.

அதைப் போர்த்துக்கீசியர் நம் கரைக்குக் கொண்டுவந்தார்கள். நம்மவர்களும் மென்று பார்த்து, மிளகு மாதிரி உறைக்கிறது, ஆனால் காய் என்று 'மிளகாய்' ஆக்கிவிட்டார்கள். கடலுக்கு இந்தப் பக்கமும் அதே சோம்பேறித்தனம்!

தக்காளியும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கே. புளிக்குப் பூர்வீகம் ஆப்பிரிக்கா. எப்போதோ வந்து ரேஷன் கார்டு வாங்கிவிட்டது. ஆக, சட்டியில் உள்ளூர்க்காரர் சங்கரா ஒருவர்தான்.

அவரும் தப்பவில்லை. காசிமேட்டில் விடியுமுன் அவரை ஏலம் போடுகிறார்களே, அந்த 'ஏலம்' போர்த்துக்கீசியச் சொல். மேஸ்திரி, சாவி, பீப்பாய் எல்லாம் அதே வகையறா. மேஸ்திரி ஒருவர் கோடவுன் சாவியைத் தொலைத்துவிட்டுக் கத்தினால், அதில் சுத்தத் தமிழ் வசவு மட்டும்தான்.

பறங்கியரோடு பீரங்கியும் வந்தது. அந்தக் கணக்கு வேறு. அதை மீன் குழம்பில் கரைக்க முடியாது.

இத்தனையையும் அக்காவிடம் சொன்னேன். "இன்னா நைனா, கொலம்பஸா வந்து கொழம்பு வெச்சான்?" என்றபடி, கேட்காமலே அரைக் கிலோ நெத்திலியையும் தராசில் போட்டார். நியாயம்தான். மிளகைத் தேடிப் புறப்பட்டவர்களால் நமக்கு மிளகாய் கிடைத்தது. மிளகுக்கொடியோ இன்னும் கொல்லிமலையில் காய்த்துக்கொண்டுதான் இருக்கிறது.