வெள்ளையடித்து விற்பது

திருகோணமலையில் வீடு விற்க நினைப்பவர் முதலில் பெயின்ற் வாளியைத்தான் தூக்குகிறார். உப்புக்காற்று அதை எத்தனை நாள் விட்டுவைக்கும் என்பது வாங்க வருபவருக்கும் தெரியும். அவர் சுவரைப் பார்ப்பதில்லை, கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்துவிட்டு, “உறுதி ஆற்ற பேரில அண்ணை?” என்பார்.

அதே ஊரின் சீனக்குடாவைப் பாருங்கள். பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்க் குதங்களில் பெரும்பாலானவை பல தசாப்தங்களாகக் காட்டுக்குள் துருப்பிடித்துக் கிடந்தன. ஒருவரும் தூரிகை எடுக்கவில்லை. ஆனாலும் 2022 ஜனவரியில் பங்கீடு முடிந்தது: லங்கா ஐஓசிக்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, மிச்சம் 61 இருவரும் சேர்ந்த கம்பனிக்கு. துரு சுரண்டும் வேலை குத்தகைக்காரர் தலையில்! வாசலில் இப்படியொரு இயற்கைத் துறைமுகம் இருந்தால் நீங்களும் கூரையே இல்லாமல் விலை பேசலாம்.

அப்படியொரு துறைமுகம் இல்லாதவர்கள் ஒழுகும் ஓட்டை மாற்றுங்கள், அளவைப் படத்தைத் தேடி எடுங்கள், எல்லைக் கல்லைப் பற்றைக்குள் இருந்து மீட்டெடுங்கள். மச்சான் யோசனை சொன்ன நீரூற்று மட்டும் வேண்டாம். அதை உடைக்கும் கூலியையும் வாங்குபவர் உங்கள் விலையில்தான் கழிப்பார்.